வெளி என்று காட்டிய கை

பரந்தனில் தொடங்கி முல்லைத்தீவுக் கடற்கரையில் முடிகிற அந்த வீதிக்கு, எவரும் எழுதிவைக்காத சட்டமொன்று இருந்தது. எதிரே வருகிறவன் எவனாயினும் வழியின் நிலைமையை அவனுக்குச் சொல்லிவிட வேண்டும். சொன்னதைப் பிறகு யாருக்கும் சொல்லக் கூடாது. முன்விளக்கு இருமுறை மின்னினால் ‘ஆள் நிக்குது’ என்று பொருள். வேகம் அளக்கிற கருவியோடு எங்கோ ஒரு மரநிழலில் பொலிஸ் நிற்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் உள்ளங்கையை விரித்துக் காட்டினால் ‘வெளி’. பொலிஸ் இல்லை, மிதிக்கலாம். காணிச் சண்டையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள்கூட வீதியில் எதிர்ப்பட்டால் மின்னிவிட்டுத்தான் போனார்கள். மணல் ஏற்றும் ரிப்பர் லொறிக்காரன் பஸ்காரனுக்கு மின்னினான். கலியாணத்துக்குப் போகிற வான் பிரேதம் ஏற்றிய வண்டிக்கு மின்னியது. பிடிபட்டவனைப் பொலிஸ் எப்படி உலுக்கினாலும், யார் மின்னினான், யார் மின்னாமல் விட்டான் என்ற கதை அவன் வாயால் வராது. வீதியில் நடந்தது வீதியோடு.

பஸ்ஸுக்கும் ரிப்பருக்கும் அறுபது என்பது சட்டத்தின் கணக்கு. அறுபத்தாறு மட்டும் பொலிஸ் கண்ணை மூடும், அறுபத்தேழில் திறக்கும் என்பது சாரதிகளின் கணக்கு. தனியார் பஸ் ஓட்டும் குகதாசனுக்கு இரண்டு கணக்கும் பாடம். ஆனாலும் சென்ற வருடம் இரண்டு தரம் பிடிபட்டிருந்தான். முதற்தரம் தண்டத்தைக் கட்டிவிட்டு வந்தான். இரண்டாந்தரம் உடையார்கட்டில் எண்பத்துநான்கு. அது வழக்காகி நீதிமன்றம் வரை போயிற்று. நீதவான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “வேகத்தோடை உம்முடைய பெயர் இந்த மேசைக்கு இன்னொருதரம் வந்தால், அனுமதிப்பத்திரம் உம்மட்டைத் திரும்பி வராது. விளங்குதோ?”

“விளங்குது ஐயா.”

அன்றிலிருந்து அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. கண்ணைக் கூர்மையாக்கிக்கொண்டான். அரசாங்க பஸ் பத்து நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருக்க, பின்னால் அறுபதில் உருட்டிக்கொண்டு போனால் நிறுத்தங்களில் ஏறுவதற்குக் காகம்கூட மிஞ்சாது. பஸ் முதலாளி சிவராசா அப்படி ஓடுகிறவனை அடுத்த நாள் ஆசனத்தில் ஏற்றவும் மாட்டார். இருபது வருடமாக ஸ்டியரிங் வளையம் பிடித்த கைக்கு வேறு தொழில் தெரியாது. ஒன்றரை ஏக்கர் வயலும் அந்தப் பத்திரமுமே வீட்டின் இரண்டு தூண்கள்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை அது. கண்டாவளைப் பக்கம் காலபோக நெல் வெட்டு முடிந்திருந்தது. களங்கள் போதாமல் வீதியின் ஒரு பாதி நெடுகிலும் நெல் பரப்பியிருந்தார்கள். தாரின் சூடு இரண்டே நாளில் நெல்லைக் காயவைத்துவிடும். கல்லும் தடியும் பழைய டயருமாக வைத்து அவரவர் நெல்லுக்கு அவரவர் காவல் கட்டியிருந்தார்கள். பாதி வீதி வாகனத்துக்கு, பாதி நெல்லுக்கு.

முரசுமோட்டையில் வழமையாக நிற்கிற மருதமரத்தடியில் பொலிஸ் நின்றது. ஆனால் வேகக் கருவியின் முக்காலியை மடக்கி ஜீப்பின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“சாமான் கட்டுறாங்கள்,” என்றான் நடத்துநர் மூக்கன். ஐம்பது வயதுக்காரன், மிதிபலகையில் நின்றபடி வீதி முழுவதையும் வேவு பார்ப்பதில் அவனுக்கு நிகரில்லை. “இனிப் பின்னேரம் மட்டும் வெளிதான் குகன்.”

கண்டாவளைச் சந்திக்கு அண்மையில் குகதாசனின் வீடு. வாசலுக்கு நேரே, தாரில், அவர்களுடைய நெல். மனைவி நேசமலர் சுளகோடு குந்தியிருந்தாள். மகள் தேனுகா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நெல்லைக் காலால் துழாவித் துழாவி வரம்பு கட்டியபடி நடந்தாள். ஒரு காலால் கோடு இழுப்பாள். மற்றக் காலால் அதை அழிப்பாள். உயர்தர வகுப்பு ரியூசனுக்குக் கொண்டுபோகும் புத்தகங்கள் சைக்கிள் கூடைக்குள் கிடந்தன. குகதாசன் இருமுறை கோர்ன் அடித்தான். அவள் நிமிராமலே கையை உயர்த்தினாள்.

“உன்ரை மேள் ஏ எல்லுக்குப் போறாளோ, நெல்லுக்குப் போறாளோ?” என்று மூக்கன் கேட்டான்.

“இரண்டுக்கும்தான். எல் பிழைச்சாலும் நெல் இருக்குமெல்லே.”

தர்மபுரம் தாண்டி ஒரு வளைவில் நீல நிற ரிப்பர் எதிர்ப்பட்டது. மணல் முட்டி வழிந்தது. அதை ஓட்டிவந்தவன் வேகத்தைத் தணித்து, புருவத்தை உயர்த்தி, ஒருதரம் விளக்கடித்துக் கேட்டான். குகதாசன் வளையத்திலிருந்து வலக்கையை எடுத்தான். உள்ளங்கையை விரித்துக் கண்ணாடியோடு வைத்துக் காட்டினான். அவன் சிரித்துக்கொண்டே நெற்றியில் கை தொட்டுவிட்டுப் போனான். கடந்துபோன மறுகணமே இயந்திரத்தின் குரல் உயர்ந்தது பின்னால் கேட்டது.

“மிதிச்சிட்டான்,” என்றான் மூக்கன்.

விசுவமடு நிறுத்தத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருக்கையில் மூக்கனின் தொலைபேசி அடித்தது. அவன் காதில் வைத்துக் கேட்டான். கேட்கக் கேட்க வாய் திறந்தது. கையிலிருந்த பயணச்சீட்டுப் புத்தகம் நழுவி விழுந்தது.

“குகன்... பிள்ளையை ரிப்பர் அடிச்சுப்போட்டுதாம். வீட்டு வாசல்லை.”

குகதாசன் ஆட்களை இறக்கவில்லை. நடுவீதியில் பஸ்ஸைத் திருப்பினான். முல்லைத்தீவுக்குப் போக ஏறிய முப்பது பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தவழியே விட்டான். வேகமானியின் முள் தொண்ணூறில் நின்றது. ஒரு பெண் இருக்கையிலிருந்து கழன்று விழுந்து, “ஐயோ நிப்பாட்டுங்கோ, நாங்கள் என்ன செய்தனாங்கள்!” என்று கதறினாள். ஒரு கிழவனின் மூட்டையிலிருந்து கத்தரிக்காய்கள் உருண்டு மிதிபலகை வழியே வெளியே போயின. எதிர்ப்பட்ட லொறியொன்று உள்ளங்கையைக் காட்டியது. வெளி.

அவன் வந்து சேர்ந்தபோது பிள்ளையை அம்புலன்ஸ் ஏற்றிப் போயிருந்தது. நேசமலரும் கூடவே போய்விட்டாள். நெல் கிடந்தது. நெல்லின் நடுவே, ஏர் உழுததுபோல, இரண்டு பெரிய தடங்கள் ஓடின. தடம் முடிந்த இடத்தில் ரிப்பர் சரிந்து நின்றது. அதன் முன்சக்கரத்துக்குக் கீழே சைக்கிள், கடதாசியைக் கசக்கியதுபோல. அங்கிருந்து வாசற்படலை வரை நெல் சிவப்பாய் ஊறியிருந்தது. ஒற்றைச் செருப்பு. அந்தச் செருப்பை அவன்தான் கிளிநொச்சியில் வாங்கிக் கொடுத்திருந்தான்.

“சைக்கிளிலை வெளிக்கிட்டு, நெல்லைச் சுத்தி நடுறோட்டாலை எடுத்தவள், அந்த நேரம் உவன் விட்டுக்கொண்டு வாறான்,” என்று அடுத்த வீட்டுத் தில்லைநாதன் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னார். “பிறேக் பிடிச்சவன். நெல்லிலை ரயர் பிடிக்குமே? வழுக்கிக்கொண்டு போய்... கால், குகன். பிள்ளையின்ரை கால்...”

ரிப்பரை ஓட்டியவனைப் பாலைமரத்தோடு இடுப்பைச் சுற்றி நைலோன் கயிற்றால் கட்டியிருந்தார்கள். இருபத்துநான்கு வயதுப் பொடியன். சட்டை கிழிந்து, காதடியில் இரத்தம் காய்ந்திருந்தது. ஊர் ஏற்கெனவே தன் பங்கை அடித்திருந்தது. “தர்மபுரத்துப் பெடியன், அனோஜனாம். தோட்டக்காட்டுச் சனம், உவங்களுக்கு உயிரின்ரை அருமை தெரியுமே!” என்று ஒருவர் சொன்னார். மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களை ஊர் இழித்துச் சொல்லும் அந்தச் சொல்லைக் கேட்டு எவரும் முகம் சுளிக்கவில்லை.

குகதாசன் பஸ்ஸின் ஆசனத்துக்கடியிலிருந்து சில்லுக் கழற்றும் கம்பியை எடுத்துவந்தான். தடுப்பவர் இல்லை. வழி விட்டார்கள். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடி, முகத்தை மறைக்க உயர்ந்த முழங்கையில் விழுந்தது. பச்சைத் தடி முறிகிற சத்தம் கேட்டது. “தோட்டக்காட்டு நாயே, என்ரை பிள்ளை! என்ரை பிள்ளையடா!” என்று அடிக்கு ஒரு சொல்லாகச் சொல்லி அடித்தான். பொடியன் மரத்தோடு வழிந்து முழந்தாளில் நின்றான். வாய் திறந்தது. கெஞ்சப் போகிறான் என்றுதான் எல்லாரும் எண்ணினார்கள்.

“அண்ணை,” என்றான் அவன். குரல் தாழ்ந்திருந்தது, குகதாசனுக்கும் பக்கத்தில் நின்ற மூக்கனுக்கும் மட்டுமே கேட்டது. “நீங்கள்தானே அண்ணை வெளி எண்டு காட்டினியள்.”

கம்பி ஒருகணம் அந்தரத்தில் நின்றது. குகதாசன் அந்த முகத்தை அப்போதுதான் பார்த்தான். நெற்றியில் கை தொட்டுச் சிரித்த முகம்.

பிறகு கம்பி இறங்கியது. வாயில். பற்கள் நெல்லோடு நெல்லாகச் சிதறின. அதுவரை விழுந்த அடிகள் மகளுக்காக விழுந்தவை. அது அப்படியல்ல என்பது அடித்தவனுக்குத் தெரிந்தது, அடிபட்டவனுக்கும் தெரிந்தது.

மூக்கன் பாய்ந்து கம்பியைப் பிடுங்கினான். கயிற்றை அறுத்துவிட்டார்கள். பொலிஸ் வந்தபோது பொடியன் வீதியோரத்தில் கிடந்தான்.

“என்ன நடந்தது?” என்று சார்ஜன் கேட்டார்.

“பயத்திலை வாகனத்தாலை பாஞ்சவன் சேர். கல்லிலை விழுந்திட்டான்,” என்றார் தில்லைநாதன்.

“ஓம் சேர், நான் கண்டனான்,” என்றார் இன்னொருவர்.

சார்ஜன் குனிந்து பொடியனைக் கேட்டார். அவன் தலையை ஆட்டினான். ஓம், விழுந்ததுதான்.

தேனுகாவுக்கு இடக்காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது. யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரியில் மூன்று கிழமை. அங்கே தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்த நேசமலர், இல்லாத காலின் விரல் கடிக்கிறது என்று மகள் அலறும்போதெல்லாம் எழுந்துபோய், வெறும் விரிப்பைச் சொறிந்துவிட்டாள். சொறிந்தால் கடி நின்றது. அதைப் பார்த்த அன்றைக்குக் குகதாசன் வெளியே போய், வாகனத் தரிப்பிடத்துச் சுவரில் வலக்கையை ஓங்கிக் குத்தினான். தோல் உரியும்வரை குத்தினான்.

வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் சிவராசா வந்தார். ஒரு சீப்பு இதரை வாழைப்பழமும் பால்மா ரின்னும் கதிரையில் வைத்தார். நேசமலர் புட்டும் திரளி மீன்குழம்பும் போட்டுக் கொடுத்தாள். அவர் பிசைந்து உருட்டிச் சாப்பிட்டபடியே கதைத்தார்.

“உவன் பெடியன் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போறானாம். தடத்தை அளந்து பார்த்து எண்பத்தைஞ்சுக்குக் குறையாதெண்டு பொலிஸ் எழுதியிருக்கு. உள்ளுக்குப் போடுவாங்கள், லைசனையும் பறிப்பாங்கள். சரிதானே?”

“சரிதான் அண்ணை.”

“நீ வாயைத் திறவாதை. மூக்கன் எனக்குச் சொன்னவன்.” அவர் குரலைத் தணித்து குசினிப் பக்கம் பார்த்தார். “கை காட்டின கதை. அதை உன்ரை மனிசிக்குக்கூடச் சொல்லாதை. அது வெளியிலை வந்தால் அண்டைக்கு நீ பஸ்ஸைத் திருப்பித் தொண்ணூறிலை வந்ததும் வரும், கம்பியும் வரும். அந்த நீதவான் உன்னை மறக்கேல்லை. லைசன் போனால் என்ன செய்வாய்? காலில்லாத பிள்ளையை வைச்சுக்கொண்டு மண் சுமக்கப் போறியோ?”

“நான் என்னத்தைச் சொல்லப் போறன்?”

“சொல்லமாட்டாய். சும்மா சொன்னனான். குழம்பு நல்லாயிருக்கு பிள்ளை!” என்று குசினிக்குக் குரல் கொடுத்தார்.

குசினி மூலையில் இரண்டு சாக்கு நெல் நின்றது. இரத்தம் ஊறியதென்று அயலவர்கள் அன்று தும்புத்தடியால் வீதியிலிருந்து தனியே கூட்டி அள்ளிவைத்த நெல். நேசமலர் அதை ஆலைக்கும் கொடுக்கவில்லை, கோழிக்கும் போடவில்லை. கடையில் அரிசி வாங்கித்தான் சமைத்தாள். அந்தச் சாக்குகளைக் கடக்கையில் எல்லாரும் சற்று விலகி நடந்தார்கள்.

குகதாசன் வேலைக்குத் திரும்பினான். வீதி மாறியிருந்தது. பொடியனை அடித்தது ரிப்பர்காரர்களுக்குத் தெரியும்; தெரியாதது எது அந்த வீதியில்? முதலில் அவர்கள் பஸ்களுக்கு மின்னுவதை நிறுத்தினார்கள். பிறகு பஸ்காரர்களும் நிறுத்தினார்கள். ஒரே கிழமையில் ஏழு பேர் பிடிபட்டார்கள். எட்டாம் நாள் காலை தர்மபுரம் சந்தியில், தேநீர்க்கடை வாசலில், சதீஸ் என்ற ரிப்பர்காரன் குகதாசனின் பஸ்ஸுக்குக் குறுக்கே வந்து நின்றான்.

“இறங்கடா! பல்லு உடைக்கிற வீரா, இறங்கு! கட்டிவைச்சு அடிக்கிறதோ வீரம்?”

“விலகு சதீஸ். ஆக்கள் இருக்கினம்.”

“தோட்டக்காட்டான் எண்டு சொன்னனியாமே. நீங்கள் இஞ்சை குளத்தைத் தலையிலை கொண்டுவந்த ஆக்களோ? உங்கடை கொப்பரும் சாவகச்சேரியிலையிருந்து பெட்டியோடை வந்து குடியேறின ஆள்தான்!”

சதீஸின் கையிலிருந்த கல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அதன்பின் யார் யாரை அடித்தார்கள் என்பது அடித்தவர்களுக்கே தெரியவில்லை. தேநீர்க்கடை விறகு, சில்லுக் கம்பி, போத்தல், உட்காரும் வாங்கு எல்லாம் ஆயுதமாயின. மூக்கனின் நெற்றி பிளந்தது. ஒருவனின் காதை இன்னொருவன் கடித்துத் துப்பினான். குகதாசன் சதீஸைக் கொதிக்கும் கேத்தல் மேல் தள்ளினான். அவன் தோல் உரிந்த முதுகோடு எழுந்துவந்து குகதாசனின் விலா எலும்பில் உதைத்தான்.

பொலிஸ் ஜீப் வந்து நின்றது. இரண்டு பக்கமும் அப்படியே நின்றது.

“என்ன இது?” என்றார் அதே சார்ஜன்.

இரத்தத்தைத் துடைத்தபடி சதீஸ்தான் முதலில் வாய் திறந்தான். “கிரிக்கட் விளையாடினனாங்கள் சேர்.”

“பந்து எங்கை?”

“பஸ்ஸுக்குள்ளை போட்டுது சேர்,” என்றான் மூக்கன், ஒரு கண்ணை இரத்தம் மூட.

சார்ஜன் உடைந்த கண்ணாடியையும், கேத்தலையும், தரையில் கிடந்த காதின் துண்டையும் பார்த்தார். ஜீப் போனதும் மீண்டும் அடித்துக்கொள்ள ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அன்றிலிருந்து குகதாசனுக்குக் கையில் ஒரு வருத்தம் பிடித்தது. எதிரே கனரக வாகனம் தென்பட்டால் வலக்கை பழக்கத்தில் தானாக எழும். எழுந்தது பாதியில் விறைத்து நிற்கும். ஒற்றைக் கையால் வளையத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையைத் தொடைக்கடியில் போட்டு அமுக்கிக்கொண்டு பஸ்ஸை ஓட்டினான்.

வழக்குக்கு இரண்டு நாள் இருக்கையில், மதியம், படலையடியில் ஒரு பெண் வந்து நின்றாள். அறுபது வயதிருக்கும். குடையில்லை, வெயில் தலையில் நின்றது.

“யாரம்மா?” என்றாள் நேசமலர்.

“தங்கம்மாங்க. அனோஜனோட தாய்.”

நேசமலரின் கையிலிருந்த அகப்பை இறுகியது. “என்னத்துக்கு வந்தனீங்கள்? பாக்கவோ? பாருங்கோ! உள்ளுக்கை கிடக்கிறாள், போய்ப் பாருங்கோ!”

“மன்னிப்புக் கேக்க வரலைங்க. எந்த மொகத்தோட கேப்பேன்?” எழுபத்தேழுக் கலவரத்தில் மலைத் தோட்டத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு, பதினைந்து வயதில் தகப்பனோடு தர்மபுரத்துக் காட்டில் வந்து இறங்கியவள் அவள், நாற்பது வருடத்துக்குப் பிறகும் வாயிலிருந்து மலையின் தமிழே வந்தது. “ஐயாகிட்ட ஒன்னு சொல்லிட்டுப் போகத்தாங்க வந்தேன்.”

குகதாசன் கிணற்றடியிலிருந்து ஈரத்தோடு வந்து நின்றான். கிழவி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் வலக்கையைப் பார்த்துப் பேசினாள்.

“எம் புள்ள கஞ்சிதாங்க குடிக்கிறான். கை நீட்ட வரல. பொலிசு மூனு தடவ வந்து கேட்டாங்க, யாருடா அடிச்சதுன்னு. விழுந்துட்டேன்னான். ஏன்டா இப்புடி ஓட்டுனன்னு கேட்டாங்க. ஒத்த வார்த்த சொல்லல. எங்கிட்ட மட்டுந்தான் சொன்னான். எதுக்க வந்த பஸ்சு அண்ண கை காட்டுனாரு, வெளின்னு. அதான் மிதிச்சேன்னு. அதக் கோட்டுல சொல்லுடா, பாதிக் குத்தமாச்சும் எறங்குமேன்னேன். சொல்ல மாட்டேங்குறான். அது ரோட்டுக் கதையாம். சொல்லக்கூடாதாம்.”

அவள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள்.

“நீங்களும் சொல்லாதீங்க ஐயா. சொல்லணும்னு வரல. அவன் காட்டிக் குடுக்கலங்கிறது ஒங்களுக்குத் தெரியணும். அம்புட்டுத்தான்.”

படலையைத் திறந்தது போலவே ஓசையில்லாமல் சாத்திவிட்டு அவள் போனாள். வெயிலில் அவளுடைய நிழல் காலடிக்குள் சுருண்டு கிடந்தது.

நேசமலர் அவனிடம் திரும்பினாள். “இஞ்சருங்கோ. அவா சொல்லுறது என்ன?”

“நேசம்...”

“நீங்கள் கை காட்டினனீங்களோ?”

“பொலிஸ் இல்லையெண்டுதான் காட்டினனான். எல்லாரும் காட்டுறதுதானே. எனக்கென்னண்டு தெரியும்?”

உள்ளறைப் பக்கமிருந்து குரல் வந்தது. “அப்பா.”

கதவு நிலையைப் பிடித்தபடி, ஒற்றைக் காலில், தேனுகா நின்றாள். பத்தடி தூரத்தை எப்படித் தத்தி வந்தாள் என்பதை எவரும் காணவில்லை.

“அண்டைக்குக் கோர்ன் அடிச்சனீங்கள். நான் கை காட்டினனான்.”

“ஓம் மோனை.”

“நான் றோட்டிலை நிண்டதைக் கண்டனீங்கள்.”

“ஓம்.”

“அம்மா குந்தியிருந்ததையும்.”

அதற்கும் ஓம் என்று தலையசைத்தான்.

“கண்டிட்டுத்தானே, வெளி எண்டு காட்டினனீங்கள்?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கணக்கொன்றின் விடை பிழைத்த இடத்தைத் தேடுகிறவள்போலக் கேட்டாள். குகதாசன் தன் வலக்கையைப் பார்த்தான். எத்தனை ஆயிரம் தரம் காட்டிய கை! ‘வெளி’ என்ற அந்தச் சொல்லுக்குள் இல்லாதவர்கள் பொலிஸ்காரர் மட்டுமே. நெல் இருந்தது, சுளகு இருந்தது, ரியூசனுக்குப் போகிற சைக்கிள்கள் எல்லாம் இருந்தன.

நேசமலர் குசினிக்குள் போனாள். வரும்போது சாக்கொன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். மற்றக் கையில் தேங்காய் வெட்டும் கத்தி. அவன் பின்வாங்கினான். அவள் சாக்கின் வயிற்றைக் கிழித்தாள். கருத்துக் கட்டிபட்ட நெல்லை இரு கையாலும் அள்ளி அவன் முகத்தில் எறிந்தாள். மீண்டும் அள்ளினாள். “தின்னுங்கோ! இதைத் தின்னுங்கோ! அந்தப் பெடியன்ரை பல்லும் இதுக்குள்ளைதான் கிடக்கும், பொறுக்கித் தின்னுங்கோ!” நெல் கண்ணில் குத்தியது, வாய்க்குள் போயிற்று. கைகள் ஓயும்வரை எறிந்தாள். ஓய்ந்தபின் கத்தியைப் பிடித்தபடியே நிலத்தில் குந்தினாள். “அந்தப் பெடியனை உள்ளுக்குப் போடட்டுமெண்டு நான் நாகதம்பிரானுக்கு நேந்தனான். ஆரை நேந்தனான் நான்?”

அவன் நெல்லைத் துப்பினான். அதில் ஒரு மணி நாவில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

வழக்கு நாளன்று நீதிமன்றத்தின் பின்பக்க வாங்குகளில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். ஒருபுறம் பஸ்காரர், மறுபுறம் ரிப்பர்காரர். சிவராசா முன்வரிசையில், குகதாசனுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டை. மூக்கனின் நெற்றியில் தையல். சதீஸ் முதுகு சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தேனுகா தாயின் பக்கத்தில், ஊன்றுகோல்களை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு இருந்தாள். குற்றவாளிக் கூட்டில் அனோஜன். முறிந்த கை வளைந்தே பொருந்தியிருந்தது.

குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது. கவனயீனம், வேகம், கடும் காயம் விளைவித்தமை.

ஏற்கிறானா மறுக்கிறானா என்று பதிவாளர் கேட்டார்: “குற்றவாளியா, சுற்றவாளியா?”

“குற்றவாளி ஐயா,” என்றான். பல்லில்லாத வாயில் அந்தச் சொல் காற்றாகத்தான் வந்தது. பதிவாளர் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னான்.

“ஏன் அந்த வேகம்?” என்று நீதவான் கேட்டார். “அந்தப் பக்கத்தில் பொலிஸ் நிற்பது உமக்குத் தெரியாதோ?”

அனோஜன் நிலத்தைப் பார்த்தான். அவன் சொல்லமாட்டான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

“சொல்ல ஒண்டுமில்லை ஐயா.”

நீதவான் பேனையை எடுத்தார்.

குகதாசன் எழுந்தான். சிவராசாவின் கை அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தது. “இரடா. விசரே? இரு.” அவன் அந்தக் கையைத் தட்டவில்லை, இழுபட்டபடியே முன்னால் நடந்தான். வேட்டி மடிப்புக் கலைந்தது.

“யார் நீர்?”

“பிள்ளையின்ரை தேப்பன் ஐயா. குகதாசன். பஸ் றைவர்.”

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். “உம்மை நான் கண்டிருக்கிறேன்.”

“ஓம் ஐயா. இன்னொருதரம் வரவேண்டாமெண்டு சொன்னனீங்கள்.”

“பிறகேன் வந்தீர்?”

குகதாசன் சட்டைப் பையிலிருந்து பத்திரத்தை எடுத்துப் பதிவாளரின் மேசையில் வைத்தான். பிறகு வலக்கையைத் தூக்கினான். அது பாதியில் விறைத்தது. இடக்கையால் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்தி, உள்ளங்கையை விரித்து, சபை முழுவதுக்கும் தெரியக் காட்டினான். பின்வாங்கில் யாரோ, “டேய் குகன்!” என்று கத்தினார்கள். சார்ஜன் நிமிர்ந்து பார்த்தார்.

“அது என்ன?” என்றார் நீதவான்.

“நாங்கள் றோட்டிலை காட்டுறது ஐயா. இரண்டுதரம் லைற் அடிச்சால் பொலிஸ் நிக்குது. இப்பிடிக் காட்டினால் வெளி. எல்லாரும் செய்யிறம். இஞ்சை இருக்கிற எல்லாரும். அண்டைக்கு நான்தான் உவனுக்குக் காட்டினனான். என்ரை பிள்ளை றோட்டிலை நிண்டதைக் கண்டுபோட்டு வந்து காட்டினனான். பேந்து நான்தான் உவன்ரை கையை முறிச்சனான். உதைச் சொல்லப் போறான் எண்டு பயத்திலை வாயையும் உடைச்சனான். அவன் விழயில்லை ஐயா.”

சபையில் ஒரு வாங்கு கவிழ்ந்தது. யாரோ துப்பினார்கள். தூசண வார்த்தை ஒன்று பறந்து வந்தது. நீதவான் மேசையில் ஓங்கித் தட்டினார். அடங்க வெகுநேரம் சென்றது. கூட்டில் நின்ற அனோஜன் கம்பியைப் பற்றிக்கொண்டு, ‘வேண்டாம்’ என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தான்.

“வெளி என்றால்?” என்று நீதவான் கேட்டார். எழுதிக்கொள்ளப் பேனையைச் சரிசெய்தார். “பதிவுக்காகத் தெளிவாகச் சொல்லும். வீதியில் யாரும் இல்லை என்று அர்த்தமா?”

உயர்த்திய கையை அவன் இன்னும் இறக்கவில்லை.

“இல்லை ஐயா,” என்றான். “பொலிஸ் இல்லையெண்டு அர்த்தம். ஆக்கள் இருந்தவை.”